மெயில்மேன் 3: உறுப்பினர் அல்லாதவரின் மடலை வாசலில் எப்படி நிறுத்துகிறது?

ஒரே முகவரிக்கு எழுதினால் உறுப்பினர் எல்லோருக்கும் போய்ச்சேரும் மின்மடல் ஏற்பாடுதான் மடற்குழு. அதில் சேராத ஒருவர் குழுவின் முகவரிக்கு மடல் அனுப்புகிறார். அதை அப்படியே எல்லோருக்கும் விடலாமா, ஒருவர் படித்துப் பார்த்தபின் விடலாமா, அனுப்பியவருக்கே திருப்பலாமா, சத்தமில்லாமல் குப்பையில் போடலாமா? குழு நடத்தும் மென்பொருள் எவ்வளவு யோசித்துச் செய்யப்பட்டது என்பது இந்த ஓர் இடத்திலேயே தெரிந்துவிடும். குனூ மெயில்மேன் 3 இதற்கு வைத்திருக்கும் இயல்பு விடை "நிறுத்தி வை". அதுவே சரியான விடை. ஆனால் அதைச் சுற்றியுள்ள வேறு சில அமைப்புகளை நிறுவிய கையோடு மாற்றாவிட்டால், நல்ல விடையே தொல்லையாகிவிடும். இந்த விமர்சனம் மெயில்மேனின் எல்லா வசதிகளையும் பற்றியது அல்ல. வெளியாள் மடலை அது கையாளும் விதத்தை மட்டும் பார்க்கிறது.

மெயில்மேன் விலையில்லா மென்பொருள், பைதானில் எழுதப்பட்டது. 3.0 வெளிவந்தது 2015 ஏப்ரலில். அதற்கு முந்தைய 2.1 வரிசை பைதான் 2-ஐ நம்பியிருக்கிறது. பைதான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-இல் முடிந்துவிட்டதால், புதிதாகக் குழு தொடங்குபவர் 2.1 பக்கம் போக வேண்டியதில்லை. மூன்றாம் பதிப்பு மூன்று துண்டுகளாக வருகிறது. மடலை வாங்கி அனுப்பும் கோர், குழுவை நிர்வகிக்கும் இணையப் பக்கமான போஸ்டோரியஸ், பழைய மடல்களைக் காட்டும் காப்பகமான ஹைப்பர்கிட்டி. போஸ்ட்ஃபிக்ஸ் போன்ற அஞ்சல் வழங்கி (சர்வர்) முன்னால் நின்று மடலை வாங்கி, எல்.எம்.டி.பி. என்ற மடல் கைமாற்று நெறிமுறை வழியாக 8024-ஆம் போர்ட்டில் கோரிடம் கொடுக்கும். முன்னால் நிற்பது ஒன்று, முடிவெடுப்பது வேறொன்று என்ற இந்த அமைப்பை நினைவில் வையுங்கள். கீழே சொல்லப்போகும் பெரிய தொல்லை அதிலிருந்துதான் பிறக்கிறது.

வெளியாளுக்கு இடம் ஏன் வேண்டும்?

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்கு வி-கர் என்ற பெயரில் நடக்கும் மடற்குழுக்களில் உறுப்பினராகாமலே யாரும் எழுதலாம். கிட் மென்பொருளின் குழுவும் அங்கேதான் இருக்கிறது, அதே வழக்கம்தான். ஒரு வழுவை (மென்பொருள் பிழையை) கண்டவர் அதைச் சொல்வதற்காக, நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கில் மடல் வரும் குழுவில் சேர வேண்டியதில்லை. பதில் போடுபவர்கள் "எல்லோருக்கும் பதில்" பொத்தானை அழுத்துவது அங்கே எழுதாத சட்டம். அதனால் கேட்டவருக்குப் பதில் நேரே போய்ச் சேர்கிறது. கெர்னலின் பராமரிப்பாளர் பட்டியல் கோப்பைத் திறந்தால், சில குழுக்களின் முகவரிக்குப் பக்கத்திலேயே "உறுப்பினர் அல்லாதவர் மடல் மட்டுறுத்தப்படும்" (ஒருவர் பார்த்து அனுமதித்தபின்பே போகும்) என்றும், சிலவற்றுக்கு "உறுப்பினர்களுக்கு மட்டும்" என்றும் குறித்திருப்பார்கள். அனுப்பும் முன்பே தெரிந்துவிடுகிறது. இந்த ஒரு வரிக் குறிப்பை எல்லாக் குழுக்களும் தம் அறிமுகப் பக்கத்தில் போட வேண்டும். பாதிக் குழப்பம் அதிலேயே தீரும்.

கதவை முழுக்கச் சாத்திய குழுவில் என்ன நடக்கும் என்றால், முதலில் சேதமாவது உரையாடல்தான். ஓர் உறுப்பினர் குழுவுக்கு எழுதும்போது, விஷயம் தெரிந்த வெளியாள் ஒருவரையும் நகலில் சேர்க்கிறார். அவர் "எல்லோருக்கும் பதில்" போடுகிறார். அந்தப் பதில் முதலில் எழுதிய உறுப்பினருக்கு வந்துவிடுகிறது, குழுவுக்கு வரவில்லை. அடுத்த மடலில் அந்தப் பதிலுக்கு யாரோ பதில் சொல்கிறார்கள். மற்ற உறுப்பினர்களுக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. காப்பகத்தில் அந்த இழை நடுவில் ஓட்டையோடு நிலைத்துவிடும். இரண்டு குழுக்களுக்கு ஒரே மடலை அனுப்பும்போதும் இதே கதை.

அதற்காக வி-கர் மாதிரி முழுக்கத் திறந்துவிடச் சொல்லவில்லை. அங்கே எச்.டி.எம்.எல். மடல் வாசலிலேயே மறுக்கப்படும், வெற்று உரை மட்டுமே உள்ளே போகும். வடிகட்டிகளைப் பராமரிக்க ஆட்கள் இருக்கிறார்கள். இரண்டு மட்டுறுத்துநர்கள் மாலை நேரத்தில் பார்த்துக்கொள்ளும் குழு அதைப் பின்பற்ற முடியாது. அப்படிப்பட்ட குழுவுக்கு ஏற்ற வழி நடுவில் இருக்கிறது: வெளியாளின் முதல் மடலை மனிதர் ஒருவர் படிக்க வேண்டும், நல்ல மடலாக இருந்தால் அந்த முகவரியை அப்போதே நம்பி விட வேண்டும். மெயில்மேன் 3 இதை நன்றாகச் செய்கிறது.

அமைப்பு எங்கே இருக்கிறது?

போஸ்டோரியஸில் குழுவின் செட்டிங்ஸ், அதற்குள் மெசேஜ் அக்செப்டன்ஸ். உறுப்பினருக்கு ஒன்று, உறுப்பினர் அல்லாதவருக்கு ஒன்று என இரண்டு இயல்பு நடவடிக்கைகளைத் தேர்ந்தெடுக்கலாம். ஹோல்ட் (நிறுத்தி வை), ரிஜெக்ட் (அறிவிப்போடு மறு), டிஸ்கார்ட் (அறிவிக்காமல் எறி), அக்செப்ட் இம்மீடியட்லி (உடனே ஏற்றுக்கொள்), டிஃபால்ட் ப்ராசஸிங் (வழக்கமான சோதனைகளுக்கு அனுப்பு) என ஐந்து தேர்வுகள். நிறுவியதும் வெளியாளுக்கு ஹோல்ட் என்றே இருக்கும்.

கடைசி இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பலரை விழவைக்கிறது. "உடனே ஏற்றுக்கொள்" என்று வைத்தால் அதன்பின் வரும் விதிகள் எதுவும் பார்க்கப்படாது. மடலின் அளவு, பெறுநர் எண்ணிக்கை, குழு முகவரி பெறுநர் வரியில் வெளிப்படையாக இருக்கிறதா என்ற சோதனை எல்லாம் தாண்டப்படும். எரித மடல்களில் (ஸ்பேம்) பல, குழு முகவரியை மறைநகலில் (பி.சி.சி.) வைத்துத்தான் வருகின்றன. அவற்றைப் பிடிக்கும் சோதனையே அந்தக் கடைசிச் சோதனைதான். ஆகவே கதவைத் திறந்தே தீர வேண்டும் என்றாலும் டிஃபால்ட் ப்ராசஸிங் போதும். உடனே ஏற்றுக்கொள்வதை, வழு கண்காணிப்பு வழங்கி போல இயந்திரம் அனுப்பும் தெரிந்த முகவரிகளுக்கு மட்டும் வையுங்கள்.

ரிஜெக்ட் நாகரிகமானது போலத் தோன்றும். அனுப்பியவருக்குக் காரணம் சொல்லித்தானே மறுக்கிறோம்? சிக்கல், போஸ்ட்ஃபிக்ஸ் அந்த மடலை ஏற்கெனவே வாங்கிவிட்டது என்பதில் இருக்கிறது. அனுப்பிய வழங்கியுடனான இணைப்பு முடிந்துபோயிற்று. மெயில்மேன் இப்போது மறுப்பதென்றால் அனுப்புநர் முகவரிக்குப் புதிய மடல் ஒன்று எழுத வேண்டும். எரித மடலில் அந்த முகவரி போலி. அதற்குச் சொந்தக்காரர் இதில் எந்தச் சம்பந்தமும் இல்லாத யாரோ. ஒரு நாளில் 300 எரிதங்கள் வந்தால், உங்கள் வழங்கி 300 அந்நியர்களுக்குத் தொல்லை மடல் அனுப்பும். விரைவில் அதன் ஐ.பி. முகவரி தடைப்பட்டியல்களில் ஏறும். பிறகு உங்கள் உறுப்பினர்களுக்கே மடல் போகாது.

இதே ஓட்டை ஹோல்டிலும் ஒளிந்திருக்கிறது, அதுதான் இந்த மென்பொருளின் மேல் எனக்குள்ள பெரிய குறை. மடல் நிறுத்தப்பட்டால் "உங்கள் மடல் மட்டுறுத்துநரின் அனுமதிக்குக் காத்திருக்கிறது" என்ற அறிவிப்பு அனுப்புநருக்குப் போகும். இது இயல்பாகவே இயங்கும் நிலையில் வருகிறது. போலி முகவரிக்கும் போகும். எரிதம் வடிகட்டப்படாத வழங்கியில் இதை உடனே அணைத்துவிட வேண்டும். "நோட்டிஃபை யூசர்ஸ் ஆஃப் ஹெல்ட் மெசேஜஸ்" என்ற வரியைத் தேடி 'இல்லை' என்று மாற்றுங்கள். அணைத்தால் உண்மையான வெளியாள் ஒருவர் தன் மடல் என்ன ஆயிற்று என்று தெரியாமல் காத்திருப்பார், உண்மைதான். அதற்குத்தான் அறிமுகப் பக்கக் குறிப்பு. "உறுப்பினர் அல்லாதவரின் முதல் மடல் 24 மணி நேரம் வரை காத்திருக்கும்" என்று எழுதிவிட்டு, அந்த 24 மணி நேரத்தைக் காப்பாற்றுங்கள்.

ஒருமுறை பார்த்தால் போதும்

வெளியாள் முதன்முறை எழுதும்போது மெயில்மேன் அவருடைய முகவரியை 'நான்-மெம்பர்ஸ்' என்ற தனிப் பட்டியலில் சேர்த்துக்கொள்கிறது. உறுப்பினர் பட்டியல் வேறு, இது வேறு. இதில் இருப்பவருக்குக் குழு மடல் எதுவும் போகாது. ஒவ்வொரு முகவரிக்கும் தனி நடவடிக்கை வைக்கலாம் என்பதுதான் இதன் அருமை. நிறுத்தப்பட்ட மடலைத் திறந்து படித்து ஏற்றுக்கொள்ளும்போதே அவருடைய நடவடிக்கையை டிஃபால்ட் ப்ராசஸிங் என்று மாற்றிவிடுங்கள். இரண்டாவது மடல் முதல் அவர் காத்திருக்க வேண்டாம், உங்களுக்கும் வேலை இல்லை. எரிதம் என்றால் டிஸ்கார்ட். மாற்றாமல் வெறுமனே 'ஏற்றுக்கொள்' அழுத்தினால், அதே நபரின் பத்து மடலையும் பத்து முறை ஏற்க வேண்டிவரும். "மட்டுறுத்தலுக்கு நேரமில்லை, கதவைச் சாத்திவிட்டோம்" என்று சொல்லும் குழுக்கள் பலவற்றில் உண்மையான காரணம் இந்த ஒரு படியைத் தவறவிட்டதுதான்.

ஒரு நிறுவனத்திலிருந்து பலர் எழுதுவார்கள் என்றால், முகவரி முகவரியாக அனுமதிக்காமல் அந்த டொமைனுக்கே ஒரு ரெகெக்ஸ் விதி (ஒரே வடிவில் உள்ள முகவரிகளையெல்லாம் பிடிக்கும் குறிப்பு) எழுதலாம். அதற்கான பெட்டிகளும் மெசேஜ் அக்செப்டன்ஸ் பக்கத்திலேயே கீழே இருக்கின்றன. பொது அஞ்சல் சேவைகளின் டொமைனை அதில் போட்டுவிடாதீர்கள்.

நிறுத்திய மடல் எத்தனை நாள் கிடக்கும் என்பதையும் பாருங்கள். இயல்பு மதிப்பு 0, அதாவது யாராவது கை வைக்கும் வரை அப்படியே கிடக்கும். மாதக்கணக்கில் குவிந்த வரிசையில் நல்ல மடலைத் தேட யாருக்கும் மனம் வராது. 14 நாள் என்று வைத்தால், ஒரு மட்டுறுத்துநர் ஊருக்குப் போய்வந்தாலும் தாங்கும். குறைந்தது இரண்டு மட்டுறுத்துநர்களாவது வேண்டும்.

வாசலுக்கு முன் ஒரு காவல்

எல்லா எரிதத்தையும் மட்டுறுத்துநர் கண்ணால் வடிகட்டுவது என்றால் எந்த மென்பொருளும் உதவாது. பெரும்பகுதி போஸ்ட்ஃபிக்ஸிலேயே மடியவேண்டும். அங்கே மறுத்தால் இணைப்பு திறந்திருக்கும்போதே 550 என்ற மறுப்புக் குறியீடு அனுப்பும் வழங்கிக்குப் போகும். போலி முகவரிக்காரர் யாருக்கும் மடல் போகாது. போஸ்ட்ஃபிக்ஸின் முன்காவலான போஸ்ட்ஸ்கிரீனை இயக்கி ஒரு தடைப்பட்டியலைச் சேருங்கள், அதற்குப் பின்னால் மடலுக்கு மதிப்பெண் இட்டு எரிதம் பிடிக்கும் ஆர்-ஸ்பேம்-டி மென்பொருளை வையுங்கள். ஆர்-ஸ்பேம்-டி-யின் இயல்பு மதிப்பெண்கள் இப்படி: 4-ஐத் தொட்டால் தற்காலிகமாகத் திருப்பும், 6-இல் மடலின் ஹெடரில் (மடலோடு போகும் தகவல் வரிகளில்) எரிதக் குறி இடும், 15-இல் மறுக்கும். குழு வழங்கிக்கு 15 மிகவும் தாராளம், 10 அல்லது 11-க்கு இறக்கலாம். 6-க்கும் அதற்கும் இடைப்பட்டவை குறியோடு மெயில்மேனுக்கு வரும். போஸ்டோரியஸின் ஹெடர் ஃபில்டர்ஸ் பகுதியில் அந்தக் குறிக்கு ஒரு விதி எழுதி 'ஹோல்ட்' வைத்தால், கதவு திறந்த குழுவிலும் சந்தேக மடல் மட்டும் நிற்கும். முதல் இரண்டு வாரம் 'டிஸ்கார்ட்' வைக்காதீர்கள். எது தவறாகப் பிடிபடுகிறது என்று பார்த்துவிட்டுப் பிறகு மாற்றுங்கள்.

தமிழில் நடக்கும் குழுக்களுக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு. மெயில்மேனின் மடல் அளவு வரம்பு இயல்பாக 40 கிலோபைட். தமிழின் ஒவ்வொரு யூனிகோடு குறியும் யு.டி.எஃப்-8-இல் 3 பைட். மெய்யும் உயிர்க்குறியும் தனித்தனிக் குறிகள் என்பதால் 'கொ' என்ற ஓர் எழுத்துக்கே 6 பைட். மடல் மென்பொருள் அனுப்புவதற்காக அதை பேஸ்64 என்ற முறையில் மாற்றினால் குறிக்கு 4 பைட், கோட்டட்-பிரிண்டபிள் முறையில் மாற்றினால் குறிக்கு 9 பைட். பின்னதில் 40 கிலோபைட்டுக்குள் அடங்குவது சுமார் 4,500 குறிகள், ஏறத்தாழ 500 சொற்கள். எச்.டி.எம்.எல். நகலும் கூடவே வந்தால் அதில் பாதிகூடத் தேறாது. பழைய மடலை முழுதும் மேற்கோளாக வைத்துப் பதில் எழுதும் வழக்கம் உள்ள குழுவில், உறுப்பினர் மடல்களே வரிசை வரிசையாக நிற்கும். காரணம் தெரியாமல் மட்டுறுத்துநர் திகைப்பார். தமிழ்க் குழுவுக்கு 200 கிலோபைட் வையுங்கள். மடலோடு வரும் இணைப்புக் கோப்புகளைத் தடுக்க அளவு வரம்பை நம்பாமல், கன்டென்ட் ஃபில்டரைப் பயன்படுத்துங்கள்.

பெறுநர் எண்ணிக்கை வரம்பும் இயல்பாக 10. நிரல் திருத்தங்களைப் பலருக்கு நகலிட்டு அனுப்பும் குழுக்களில் இது சீக்கிரமே முட்டும். 20 அல்லது 25-க்கு ஏற்றலாம்.

சாத்திய கதவும் பூட்டு அல்ல

உறுப்பினர்களுக்கு மட்டும் என்று வைத்தால் எரிதம் வராது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. மெயில்மேன் அனுப்புநர் வரியில் உள்ள முகவரியைப் பட்டியலோடு ஒப்பிடுகிறது, அவ்வளவுதான். அனுப்புநர் வரி மட்டுமல்ல, உறை முகவரி (வழங்கிகள் தமக்குள் பரிமாறும் அனுப்புநர் முகவரி), பதில் முகவரி வரி, 'சென்டர்' (Sender) என்ற தனி வரி ஆகியவற்றையும் இயல்பாகப் பார்க்கும். யார் வேண்டுமானாலும் இந்த வரிகளில் எதையும் எழுதலாம். பொதுக் காப்பகத்திலிருந்து உறுப்பினர் முகவரி ஒன்றை எடுத்துப் போட்டால் மடல் உள்ளே போய்விடும். அறிவிப்பு மட்டும் அனுப்பும் குழு நடத்துபவர்கள் இதை அவசியம் கவனிக்க வேண்டும். அறிவிப்பாளர் முகவரியையே ஹோல்டில் வைத்துவிட்டு, ஒவ்வொரு மடலையும் போஸ்டோரியஸில் கையால் ஏற்பது பாதுகாப்பான வழி.

சாத்திய கதவு உண்மையில் அதிகம் தடுப்பது சொந்த உறுப்பினர்களைத்தான். வீட்டு முகவரியில் சேர்ந்திருப்பார், அலுவலகத்திலிருந்து எழுதுவார். கூகுள்மெயில் என்று சேர்ந்திருப்பார், ஜிமெயில் என்று எழுதுவார். இரண்டாவது முகவரியையும் சேர்த்து, அதற்கு மட்டும் மடல் விநியோகத்தை நிறுத்தி வைப்பது பழைய, இன்றும் செல்லும் உத்தி. ஹோல்ட் முறையில் உள்ள குழுவில் அதுகூட வேண்டாம். மட்டுறுத்துநர் முதல்முறை பார்த்ததும் தீர்ந்துவிடும்.

வெளியாளை உள்ளே விட்டபின் அவருக்குப் பதில் போகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். பதில்கள் குழுவுக்கே போகும்படி ரிப்ளை-டு வரியை மாற்றும் வசதி மெயில்மேனில் உண்டு. அதை இயக்கிய குழுவில் உறுப்பினர்கள் 'பதில்' அழுத்தினால் பதில் குழுவுக்கு மட்டும் போகும். கேட்ட வெளியாள் வெறுங்கையோடு காத்திருப்பார். வெளியாரை வரவேற்கும் குழுவில் இந்த வசதியை அணைத்தே வையுங்கள்.

டிமார்க் பற்றியும் சுருக்கமாகச் சொல்லவேண்டும். அனுப்புநர் முகவரி உண்மைதானா என்ற சோதனையில் தேறாத மடலை என்ன செய்வது என்று டொமைன்காரரே அறிவிக்கும் முறை இது; குழு வழியாகப் போகும் மடல் அந்தச் சோதனையில் தேறாமல் போகலாம். 2014 ஏப்ரலில் யாகூவும் அடுத்து ஏ.ஓ.எல்-லும் தங்கள் டொமைனில் கடும் மறுப்புக் கொள்கையை அறிவித்தபோது, ஒருவர் யாகூவிலிருந்து எழுதிய மடல் மற்ற உறுப்பினர்களின் வழங்கிகளால் மறுக்கப்பட்டு, அந்த மறுப்புகள் அப்பாவி உறுப்பினர்களின் கணக்கில் ஏறி அவர்களுக்கு விநியோகம் நின்றது. திறந்த குழுவில் எந்த டொமைனிலிருந்து மடல் வரும் என்று முன்கூட்டியே தெரியாது. ஆகவே டிமார்க் மிட்டிகேஷன்ஸ் பகுதியில் அனுப்புநர் வரியைக் குழு முகவரியாக மாற்றும் தேர்வை முதல் நாளே வைத்துவிடுங்கள். கடும் கொள்கை உள்ள டொமைன்களுக்கு மட்டும் அது இயங்கும்.

2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாகூவும் மொத்தமாக அனுப்புவோருக்கு விதிகளை இறுக்கியிருக்கின்றன. எரிதப் புகார் விகிதம் 0.3 விழுக்காட்டைத் தொடக்கூடாது என்பது அவற்றில் ஒன்று. 400 உறுப்பினர்களுக்குப் போன ஓர் எரிதத்தை இரண்டு பேர் 'ஸ்பேம்' என்று குறித்தாலே 0.5 விழுக்காடு. சிறிய குழுக்களுக்கும் கணக்கு இப்படித்தான். வடிகட்டாமல் திறந்து வைப்பதை நான் ஏற்காததற்கு முதல் காரணம் இதுதான்.

மற்றவை எப்படி?

எம்.எல்.எம்.எம்.ஜே. என்ற மடற்குழு மென்பொருள் மிகச் சிறியது. குழுவின் கன்ட்ரோல் அடைவில் குறிப்பிட்ட பெயரில் ஒரு வெற்றுக் கோப்பு இருந்தால் வெளியாள் மடல் மறுக்கப்படும், வேறொரு பெயரில் இருந்தால் மட்டுறுத்தலுக்குப் போகும். கோப்பின் உள்ளே எதுவும் எழுத வேண்டாம். மறுப்பு முறையைத் தேர்ந்தெடுத்தால் மறுப்பு மடல் போவதை நிறுத்த மூன்றாவதாக ஒரு கோப்பும் வேண்டும். அதை மறப்பவர்கள் அதிகம். கட்டளை வரியில் பழகிய ஒருவர் நடத்தும் குழுவுக்கு மெயில்மேனை விட இதுவே சுமை குறைந்தது. மட்டுறுத்துநர்கள் இணையப் பக்கம் கேட்டால் சரிவராது.

பிரான்சில் பல்கலைக்கழகங்களுக்காக உருவான சிம்பா என்ற மடற்குழு மென்பொருள், 'சினாரியோ' எனப்படும் விதித் தொகுப்புகளைக் கொண்டு இயங்குகிறது. 'இவர் உறுப்பினரா? ஆம் எனில் அனுப்பு. இல்லையெனில் மட்டுறுத்துநருக்கு' என்று வரிவரியாக எழுதலாம். வெளியாளுக்கே ஓர் உறுதிப்படுத்தல் மடல் அனுப்பி, அவர் பதிலளித்தால் மட்டும் விடும் விதியும் தயாராக வருகிறது. மட்டுறுத்துநர் வேலை குறையும். ஆனால் போலி முகவரிக்குத் தொல்லை மடல் போகும் பழைய சிக்கல் இதிலும் அப்படியே இருக்கிறது. பல நூறு குழுக்களை ஒரே கொள்கையில் நடத்தும் கல்வி நிறுவனத்துக்கு சிம்பா பொருத்தம்.

கூகுள் குழுக்களில் வழங்கி வேலை எதுவும் இல்லை. 'இணையத்தில் யாரும் எழுதலாம்' என்று வைத்து, உறுப்பினர் அல்லாதவர் மடலை மட்டும் மட்டுறுத்தச் சொல்லலாம். மெயில்மேனின் ஹோல்டுக்கு நிகரானது அது. கூகுளின் வடிகட்டி ஒரு மடலை ஏன் எரிதம் என்றது என்று தெரிந்துகொள்ளவோ விதியைத் திருத்தவோ வழியில்லை. நிறுவனக் கணக்கில் நடக்கும் குழு என்றால், வெளி மடலை நிர்வாகி மேல்மட்டத்தில் தடுத்திருக்கலாம். அப்போது குழு உரிமையாளர் எதை மாற்றினாலும் பயனில்லை, நிர்வாகியிடம்தான் கேட்க வேண்டும்.

சொந்த வழங்கி, இரண்டு மட்டுறுத்துநர், ஆர்-ஸ்பேம்-டி வைக்க ஒரு மாலைப் பொழுது: இவை மூன்றும் இருந்தால் மெயில்மேன் 3-ஐத் தயங்காமல் எடுக்கலாம். டெபியன் லினக்ஸில் முழுத் தொகுப்பாகவே கிடைக்கிறது. நிறுவி முடித்ததும் உறுப்பினர் அல்லாத முகவரி ஒன்றிலிருந்து இரண்டு சோதனை மடல்கள் அனுப்பிப் பாருங்கள். முதலாவது வரிசையில் நிற்க வேண்டும், அந்த முகவரிக்கு எந்தத் தானியங்கி அறிவிப்பும் வரக்கூடாது. அதை ஏற்று, முகவரியை நம்பியபின் அனுப்பும் இரண்டாவது, நிற்காமல் காப்பகத்தில் தெரிய வேண்டும். அதற்கு ஓர் உறுப்பினர் 'எல்லோருக்கும் பதில்' போட்டால், அந்தப் பதில் சோதனை முகவரிக்கும் வந்துசேர வேண்டும்.